கூடத்தைக் கழுவிய நீர்நாய்

காட்டாற்றங்கரையில் ஒரு நீர்மருத மரம். அதன் வேருக்கடியில் ஒரு கூடம். அந்தக் கூடத்தில் இரண்டு நீர்நாய்கள் குடியிருந்தன. ஆண் நீர்நாயின் பெயர் வாளையன். அவன் மனைவியின் பெயர் சுழலி. சாப்பிட மீன், குளிக்க ஆறு, காய வெயில். வேறென்ன குறை? ஆனால் குறை இல்லாத வீட்டில்தானே குறையைத் தேடிப் பிடிக்க நேரம் இருக்கும்!

கூடம் பழசுதான். பொய் சொல்வானேன்? ஈர முதுகுகள் உரசி உரசிச் சுவர் கறுத்துப் போயிருந்தது. தரையில் நாணல் பரப்பியிருந்தது. அதற்கடியில் பழைய நாணல். அதற்கும் அடியில் இன்னும் பழைய நாணல். அடியிலும் அடியில் கிடந்தது யார் கல்யாணத்துக்குப் பரப்பியது என்று யாருக்கும் தெரியாது. நடுக்கூடத்தில் மட்டிச் சிப்பி உடைக்க ஒரு தட்டைக் கல். மூலையில் ஒரு வேர்க்கட்டை, ஏதோ ஒரு வெள்ளத்தில் வந்தது. பல் முளைக்கும்போது குட்டிகளுக்கு ஈறு நமநமவென்று இருக்கும் அல்லவா? அப்போது கடிக்கக் கொடுத்த கட்டை அது. நாலு ஈற்றில் பிறந்த பதினோரு குட்டிகளும் அதைக் கடித்துத்தான் வளர்ந்தன.

பதினோரு பேரில் ஒருத்தி சின்ன வயதிலேயே வலையில் சிக்கிப் போய்விட்டாள். ஒன்பது பேர் ஆற்றோடு போய் அங்கங்கே குடும்பமாகிவிட்டார்கள். கடைக்குட்டி அயிரன் மட்டும்தான் மிச்சம். அவனும் போன மாதம் கீழாற்று அணைக்கட்டுப் பக்கம் போனான். போன இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தான். கல்யாணமும் முடிந்துவிட்டது!

நீர்க்காக்கை ஒன்று சேதி கொண்டு வந்தது. "சுழலியக்கா! உன் மகன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வாரான்! இன்னிக்கு நாலாம் நாள், உச்சிப் பொழுதுக்கு!"

சுழலிக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்துக்கும் ஆற்றுக்குமாகப் பத்துத் தரம் ஓடினாள்.

நீர்நாய்களில் ஒரு வழக்கம் உண்டு. புது மருமகளை யாரும் வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது. வீட்டு வாசம் எப்படி இருக்கும் என்று புருசன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவான். ஆற்றில் வந்து இறங்கியதும் வாயை மூடிக்கொள்வான். அவள் முன்னே நீந்த வேண்டும். அவன் பின்னே வர வேண்டும். அவளாக மோந்து மோந்து வாசலைக் கண்டுபிடித்து உள்ளே நுழைய வேண்டும். மூன்று தரம் வரை போகலாம், வரலாம். மூன்று தரத்திலும் தவறிவிட்டால் இரண்டு பேரும் பெண் வீட்டுக்கே திரும்பிவிட வேண்டும். அப்புறம் காலத்துக்கும் பையன் வீட்டோடு மாப்பிள்ளைதான்! வாசலில் நின்று மாமியார் கூப்பிட்டால் என்ன என்கிறீர்களா? அதுவும் கூடாது. 'கூப்பிட்டு வந்தவள் விருந்தாளி, தானாக வந்தவள் வீட்டுக்காரி' என்பது அவர்களுடைய சொலவடை. விருந்தாளி என்றால் மூன்று நாள் இருந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

இது சுழலிக்குத் தெரியாதா? அவளும் ஒரு நாள் மோந்து வந்தவள்தான்! ஆனால் அதற்கப்புறம் அந்தக் கூடத்திலேயே இருந்துவிட்டாள். இருந்து இருந்து, கூடத்துக்கு ஒரு வாசம் உண்டு என்பதே அவளுக்கு மறந்து போயிற்று. அவரவர் வீட்டு வாசம் அவரவர் மூக்குக்கு எட்டாது.

அன்றைக்கே மேலாற்றிலிருந்து அவள் நாத்தனார் வந்து சேர்ந்தாள். வாளையனின் தங்கை. வந்தவள் இரண்டு விரால் மீனைச் சாப்பிட்டாள். மீசையைத் துடைத்தாள். கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"என்ன அண்ணி, நான் கல்யாணமாகிப் போனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு நம்ம கூடம்!"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நமக்கு நல்லாத்தான் இருக்கு. வாரவ அணைக்கட்டுக்காரி. அவங்க வீட்டுல சுவரெல்லாம் கல்லு பதிச்சிருக்காம். தரை வழுவழுன்னு இருக்குமாம். இங்க வந்து மூக்கைப் பிடிச்சுக்காம இருந்தாச் சரி!"

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அவள் கிளம்பிப் போய்விட்டாள். சுழலிக்குத்தான் சோறு தண்ணி இறங்கவில்லை. அதுவரைக்கும் கண்ணில் படாத கறுப்பெல்லாம் கண்ணில் பட்டது. நாணல் குப்பையாகத் தெரிந்தது. கல் கோணலாகத் தெரிந்தது.

"என்னங்க, இந்தக் கூடத்த மாத்தணும்!" என்றாள்.

வாளையன் மல்லாந்து படுத்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தான். "எதுக்கு? கூரை ஒழுகுதா?"

"மருமக மூஞ்சியச் சுளிச்சா என்ன பண்ணுவீங்க? அவன் அவ பின்னாலயே போயிட்டா? பத்துப் புள்ளைங்க போயாச்சு. இவனும் போயிட்டா நானும் நீங்களும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்!"

வாளையன் சொறிவதை நிறுத்தினான். அவனுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான்.

மறுநாள் காலையில் சுழலி போய், கரையில் பூச்சி கொத்திக்கொண்டிருந்த கொண்டலாத்திப் பறவையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கொண்டலாத்தியின் பெயர் மகுடேசன். தலையில் விசிறிக் கொண்டை, இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை. ஆளைப் பார்த்தாலே போதும், சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிடும். அந்தக் காட்டில் யார் வீட்டை அலங்காரம் செய்வதானாலும் அவன்தான்.

மகுடேசன் கூடத்துக்குள் நுழைந்தான். கொண்டையை விரித்தான். மடக்கினான். மறுபடி விரித்தான்.

"அம்மணி! இது கூடமா, குகையா?"

சுழலிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அதான் உங்களக் கூப்பிட்டேனுங்க. ஆனா கையில ஒண்ணும் இல்ல. கோடையில ஆத்துத் தண்ணி சுருங்கிப் போச்சு. இவருக்கும் பல்லு தேஞ்சு போச்சு. ஒரு குழி மட்டிதான் சேத்து வெச்சிருக்கேன். அது மருமகளுக்கு விருந்து வைக்க."

"மட்டிய நீங்களே வெச்சுக்குங்க! தினம் பத்துப் பிள்ளைப்பூச்சி தோண்டிக் குடுங்க, எனக்கு அது போதும். செலவில்லாம வீட்ட மாத்துறதுதான் அம்மணி என் வித்தையே! புதுசா எதுவும் வாங்க வேணாம். பழச எடுத்துப் போட்டாலே பாதி வீடு புதுசாயிடும்!"

செலவில்லை என்றதும் சுழலியின் மனம் குளிர்ந்துவிட்டது. செலவில்லாத வேலைக்கு வேறு எதைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று யார் யோசிக்கிறார்கள்?

முதல் நாள், சாமான்களை எடுக்கும் வேலை. நாணலை அடுக்கடுக்காக உரித்து வெளியே இழுத்தார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வாசம் வந்தது. மேல் அடுக்கில் அயிரன் முதன்முதலாகப் பிடித்து வந்த கெண்டையின் செதில் ஒட்டியிருந்தது. அதற்கடியில் மூன்றாம் ஈற்றுக் குட்டிகள் ஒளித்து வைத்து மறந்துபோன நண்டுக் கால்கள். அதற்கும் அடியில் ஒரு பள்ளம். வலையில் போன மகள் சேலி படுத்திருந்த இடம் அது. அவள் எப்போதும் சுருண்டுதான் படுப்பாள். அந்தச் சுருள் அப்படியே தரையில் பதிந்திருந்தது.

வாளையன் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "இத மட்டும் விட்டுடு புள்ள."

சுழலி முன்னங்காலால் பள்ளத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அந்த வருஷம் ஆற்றில் எவ்வளவு தண்ணீர்! கரை தெரியாமல் போயிற்று. குட்டிகள் கூடத்து வாசலிலிருந்தே சறுக்கிக்கொண்டு தண்ணீரில் விழும். சேலிதான் முதல் ஆள். விழுந்துவிட்டு, "அம்மா, பாத்தியா? பாத்தியா?" என்று கத்துவாள். பார்த்தேன் என்று சொல்லும்வரை விடமாட்டாள். அது ஒரு காலம். அப்போது கூடத்தில் புரளக்கூட இடம் கிடையாது. ஒருத்தர் வால் இன்னொருத்தர் வாயில் இருக்கும்.

மகுடேசன் தொண்டையைக் கனைத்தான். "அம்மணி, கூடம்ங்கிறது உக்காந்து பேசுறதுக்கு. உக்காந்து அழுவுறதுக்கு இல்ல. வாரது புதுப்பொண்ணு. அவளுக்கு உங்க பழங்கதை என்னத்துக்கு?"

சுழலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஈர மண்ணை அள்ளிக்கொண்டு வந்தாள். பள்ளத்தை மூடி, மேலே காலால் மிதித்துச் சமம் செய்தாள். வாளையன் எழுந்து வெளியே போனான்.

"இதையெல்லாம் எங்க போடுறது?" என்று சுழலி கேட்டாள்.

"ஆத்தோட மேல் வளைவுக்கு அந்தாண்டை கொண்டுபோய்ப் போடுங்க. காத்துல வாடை இந்தப் பக்கம் வரக் கூடாது பாருங்க!"

நாணல் போயிற்று. தட்டைக் கல் உருண்டு உருண்டு போயிற்று. பல் பதிந்த வேர்க்கட்டையை வாளையனே இழுத்துக்கொண்டு போனான். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

இரண்டாம் நாள் சுவர் வேலை. மகுடேசன் அலகால் சுவரைத் தட்டிக் காட்டினான். "இந்தக் கறுப்பு போகணும்! சுரண்டுங்க!" சுழலி சுரண்டினாள். முப்பது வருஷத்து முதுகுப் பிசுக்கு கட்டி கட்டியாக விழுந்தது. அதையும் அள்ளிக்கொண்டுபோய் வளைவுக்கு அந்தாண்டை கொட்டினாள். அப்புறம் சுவர் முழுக்க வெள்ளை மண்ணைக் குழைத்துப் பூசினாள். வெட்டிவேரைப் பிடுங்கி வந்து சந்து சந்தாகச் செருகினாள். கூரையில் வேர் இடுக்குகளை அடைத்திருந்த சருகை மகுடேசன் அலகால் தள்ளிவிட்டான். பளிச்சென்று ஒரு கீற்று வெயில் உள்ளே விழுந்தது. அது உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டுமே!

மூன்றாம் நாள், தரைக்கு வெள்ளை மணல். சலித்து எடுத்த மணல், பொடிப்பொடியாக, காய்ந்த மணல். சுழலி அதை வாலால் தட்டித் தட்டிச் சமம் செய்து முடித்தாள். அந்த நேரம் பார்த்து வாளையன் குளித்துவிட்டு உள்ளே வந்தான்!

"ஐயையோ! ஈரத்தோட வராதீங்க!"

"நீர்நாய் ஈரத்தோட வராம பின்ன எப்படி வரும்?"

"வெளியவே ஒதறிட்டு வாங்க!"

வாளையன் நின்ற இடத்திலேயே உடம்பை உதறினான். வெள்ளைச் சுவரெல்லாம் சேற்றுப் புள்ளி! மகுடேசன் கொண்டையைப் பிய்த்துக்கொள்ளாத குறை. "அம்மணி! நாளைக்கு அவங்க வாரவரைக்கும் இவர வெளியவே இருக்கச் சொல்லுங்க!"

சுழலி புருசனைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரே ஒரு நாள்தானுங்க. எல்லாம் நம்ம புள்ளைக்காகத்தானே?"

"எத்தன வெள்ளம் வந்துச்சு! அதுகூட என்னை இந்தக் கூடத்த விட்டுத் தள்ளல. நீ தள்ளிட்ட!" என்றான் வாளையன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மணலில் விழுந்த அவன் கால் தடத்தை அவள் வாலால் அழித்தாள்.

நாலாம் நாள் விடிந்தது. மகுடேசனுக்குக் கடைசிப் பத்துப் பிள்ளைப்பூச்சி பாக்கி. அவனாக வரட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் சுழலி நன்றி மறக்காதவள். கரையெல்லாம் தோண்டிப் பொறுக்கிக்கொண்டு, காட்டுக்குள் அவன் வீட்டுக்கே கொண்டுபோனாள். இத்தனை நாளில் அவன் வீட்டுப் பக்கம் அவள் போனதே இல்லை.

அவன் வீடு ஒரு வேப்பமரப் பொந்து. இருபது அடி தள்ளி வரும்போதே சுழலிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு நாற்றம்! அழுகின முட்டையா, செத்த எலியா, இரண்டுமா என்று சொல்ல முடியவில்லை. பொந்துக்குள்ளே குஞ்சுகள் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. மகுடேசன் அந்த நாற்றத்தில் நிம்மதியாக உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது? ஊர் வீட்டையெல்லாம் கழுவி விடுறீங்க, உங்க வீடு இப்படி நாறுது!"

உள்ளேயிருந்து மகுடேசனின் மனைவி தலையை நீட்டினாள். "யாரு அது, எங்க வீட்ட நாறுதுன்னு சொல்றது? இது எங்க வீட்டு வாசம்! இது இருக்கிறதாலதான் பாம்பு கிட்ட அண்டாம இருக்கு! இது இருக்கிறதாலதான் எம் புள்ளைங்க பயமில்லாம தூங்குதுங்க! இவர் கொண்டையெல்லாம் வெளியிலதான். இந்தப் பொந்துல ஒரு குச்சிய நகத்தட்டும் பாக்கலாம்!"

மகுடேசன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "தொழில் வேற, வீடு வேற, அம்மணி!"

எங்க வீட்டு வாசம்!

சுழலியின் கையிலிருந்த பிள்ளைப்பூச்சிகள் கீழே விழுந்தன. அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. தான் மருமகளாக மோந்து வந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. பழைய நாணல் வாசம், கெண்டைச் செதில் வாசம், மருதவேர் வாசம், அத்தனை பேர் முதுகும் உரசிய அந்தப் பிசுக்கு வாசம். மூன்று வளைவு தாண்டி இருக்கும்போதே அது அவளை வா வா என்று கூப்பிட்டதே! அதையல்லவா மூன்று நாளாகச் சுரண்டிச் சுரண்டி வெளியே கொட்டினாள்!

"அடப்பாவி! என் குடியக் கெடுத்தியே!" என்று கத்தினாள். மகுடேசனைச் சொன்னாளா, தன்னையே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை. ஒரே ஓட்டமாக ஓடினாள்.

நீர்நாய் தண்ணீரில்தான் ராஜா. தரையில் அதன் ஓட்டத்தைப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும். விழுந்து எழுந்து, முள்ளில் மாட்டி, மூச்சு வாங்கி அவள் ஆற்றங்கரைக்கு வந்தபோது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. ஆற்றில் இரண்டு தலைகள் தெரிந்தன.

முன்னால் வருகிறவள் மருமகள் நுரையழகி. பின்னால் வருகிறவன் அயிரன்!

சுழலி புதருக்குப் பின்னால் பதுங்கினாள். நுரையழகி தலையை உயர்த்தி மோந்துகொண்டே வந்தாள். மருத மரத்தைத் தாண்டினாள். மேல் வளைவு வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் வீட்டைத் தாண்டிக் கீழே போனாள். முதல் தரம் போயிற்று.

இரண்டாம் தரம் வாசலுக்கு நேரே வந்து நின்றாள். சுழலி புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். 'உள்ள போ, தாயி. உள்ள போ!' என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

நுரையழகி மூக்கைச் சுருக்கினாள். "வெட்டிவேர் மணக்குது. யாரோ பெரிய இடத்துக்காரங்க குடியிருக்காங்க போல. நீங்க சொன்ன வாசம் இது இல்லீங்களே?"

அயிரன் பேசக் கூடாது. அவன் வாசலைப் பார்த்தான். உள்ளே வெள்ளைச் சுவர் தெரிந்தது. ஒரு நாணல் இல்லை, ஒரு கல் இல்லை. அவன் முகம் வெளிறிப் போயிற்று. அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்களா, இல்லையா? வேறு யாரோ வந்துவிட்டார்களா? கேட்கவும் முடியாது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. புதருக்குள் இருந்த சுழலி தன் முன்னங்காலையே கடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளை பத்து முழத்தில் நிற்கிறான். வாடா என்று ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை!

நுரையழகி நகர்ந்துவிட்டாள். கீழே ஒரு சுற்றுப் போய்வந்து, மூன்றாம் தரம் மேலே நீந்தினாள். இந்தத் தடவை வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போனாள். மேல் வளைவையும் தாண்டிப் போய்விட்டாள். அயிரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போனான்.

அவ்வளவுதான். முடிந்தது.

"சாத்திரமாவது சம்பிரதாயமாவது!" சுழலி தடாலென்று தண்ணீரில் குதித்தாள். "விருந்தாளியாவே வரட்டும்! மூணு நாளாவது எம் புள்ள எங்கூட இருக்கட்டும்!" என்று அழுதுகொண்டே நீந்தினாள். வளைவைத் திரும்பினாள். அயிரா என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

கரையில் அவள் கொண்டுவந்து கொட்டிய குப்பை மேடு. அதன் உச்சியில், பழைய நாணல் மேல், கூடத்தை விட்டு வெளியேறிய வாளையன் வயிற்றை மேலே காட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நுரையழகி! புது மருமகள், அணைக்கட்டுப் பெண், அந்தக் குப்பையில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துப் புரண்டுகொண்டிருந்தாள்!

"மாமா! எந்திரிங்க மாமா! நான் வந்துட்டேன்!"

வாளையன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். "யாரும்மா நீ?"

"உங்க மருமக! இதோ, இவர் சொன்ன நாணல்! இதோ அந்தக் கட்டை! இந்தக் கோணல் பல்லுத் தடம் இவரோடதுதானே? வழியெல்லாம் இந்தக் கட்டையப் பத்தியே பேசிக்கிட்டு வந்தாரு. எல்லாம் சொன்னது சொன்னபடி இருக்கு மாமா. கூரைதான் காணோம்!"

வாளையன் எழுந்து உட்கார்ந்தான். மருமகளைப் பார்த்தான். மகனைப் பார்த்தான். தண்ணீரில் வாயைத் திறந்தபடி மிதக்கிற மனைவியைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "மூணு தரத்துக்குள்ளதானே? தானாத்தானே வந்தா? அப்ப இவ வீட்டுக்காரிதான்! யாராவது இல்லேன்னு சொல்லட்டும்!" என்றான்.

அயிரன் கரையேறி ஓடிவந்தான். "அம்மா! நீங்கல்லாம் செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சேம்மா!"

சுழலி மகனைக் கட்டிக்கொண்டாள். மருமகளைக் கட்டிக்கொண்டாள். "கூரை அங்க இருக்கும்மா! நல்லா வெள்ளையா, மணமா இருக்கு! நாந்தான் பாவி, வீட்ட அள்ளி இங்க கொட்டிட்டு, அங்க வெறும் கூரையக் காவல் காத்துக்கிட்டு இருந்தேன்!" என்று அழுதாள்.

அப்புறம் என்ன? நாலு பேருமாகச் சுமந்தார்கள். கல் திரும்பி உருண்டது. கட்டை மூலைக்கு வந்தது. அழுகிப்போன நாணலை மட்டும் ஆற்றில் விட்டுவிட்டு நல்லதை எடுத்துக்கொண்டார்கள். வெட்டிவேர் வாசலுக்குப் போயிற்று. சேலி படுத்திருந்த பள்ளத்தை மூடிய மண்ணைச் சுழலி தோண்டிப் பார்த்தாள். மிதித்த மிதியில் அந்தச் சுருள் கலைந்து போயிருந்தது. அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. வாளையன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

கூரையில் வெயில் விழும் இடுக்கை என்ன செய்வது என்று கேட்டான் அயிரன்.

"அது இருக்கட்டும்ங்க. ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்கு நல்லாத் தெரியுது!" என்றாள் நுரையழகி. அதை யாரும் அடைக்கவில்லை.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சுழலிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. மருமகளின் இலையில் மட்டியை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டே கேட்டாள். "உங்க வீட்டுல சுவரெல்லாம் கல்லு பதிச்சிருக்காமேம்மா? உனக்கு இந்த வீடு ஒரு மாதிரியா இல்லையா?"

நுரையழகி மட்டியை உடைப்பதை நிறுத்தினாள்.

"ஆமாத்தை. எங்க வீடு ரொம்ப அழகா இருக்கும். எங்கம்மா வருஷா வருஷம் எல்லாத்தையும் மாத்திடுவாங்க. நான் குட்டியா இருந்தப்ப எந்த மூலையில படுத்திருந்தேன்னு இவர் என்னைக் கேட்டாரு. காட்டலாம்னு உள்ள கூட்டிக்கிட்டுப் போனேன்." அவள் மட்டியை இலையில் வைத்தாள். "எனக்குத் தெரியலத்தை."

வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் அழுக்கைக் கழுவலாம். அடையாளத்தைக் கழுவக் கூடாது.